மலைத் தோட்டங்களில் உறைபனி முடிந்து வெயில் திரும்பும் காலம்: கவனிக்க வேண்டியவை

நீலகிரி மாவட்டத்தில் தை மாதம் பாதி கழிந்ததும் பகல் வெயில் சுள்ளென்று உறைக்கத் தொடங்கிவிடும். கம்பளியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் சட்டையுடன் தோட்டத்தில் நின்று வேலை செய்யலாம். பனிக்காலம் போய்விட்டது என்று பல விவசாயிகள் முடிவு கட்டுவது இந்த நாட்களில்தான். தேயிலை நாற்றின் மேல் போட்டிருந்த தழையை எடுத்துவிடுகிறார்கள். கருகிய செடிகளைக் கவாத்துக் கத்தியால் வெட்டுகிறார்கள். செடி சீக்கிரம் தேறட்டும் என்று யூரியாவும் இடுகிறார்கள். பத்து நாள் கழித்து ஒரு தெளிந்த இரவில் மீண்டும் உறைபனி விழுகிறது. முதல் பனியில் தப்பிய செடியும் இரண்டாம் பனியில் போய்விடுகிறது.

ஆழ்பனிக் காலத்தில் எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். குளிர் விலகி வெயில் திரும்பும் வாரங்களில்தான் ஏமாற்றம் அதிகம். தை பிற்பாதி முதல் பங்குனி முற்பாதி வரையுள்ள இந்த இடைக்காலத்தில் எதை எப்போது செய்வது என்று தெரிந்துகொண்டால், அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பெரும் நஷ்டத்தைத் தவிர்க்க முடியும். கொடைக்கானல் மேல்மலையில் பள்ளத்தாக்குகளில் காய்கறி பயிரிடுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பகல் வெயில் ஏன் ஏமாற்றுகிறது?

வட இந்தியாவில் இமயமலைப் பகுதிகளில் குளிர் வருவது ஒரு விதம். மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் மேகத்தையும் பனிமழையையும் கொண்டுவந்து, அவை கடந்து சென்றபின் குளிர்காற்று புகுந்து நாட்டையே நடுங்க வைக்கும். அந்தக் குளிர் வெளியிலிருந்து வருகிறது. நீலகிரியின் உறைபனி பெரும்பாலும் அப்படிப்பட்டதல்ல. அது தோட்டத்திலேயே, அந்தந்த இரவிலேயே உண்டாவது.

பகலில் மண்ணும் செடியும் வெயிலை வாங்கிச் சூடாகின்றன. இரவில் அந்தச் சூட்டை வானத்தை நோக்கி வெளிவிடுகின்றன. வானத்தில் மேகம் இருந்தால் அது போர்வை போல நின்று சூட்டின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகமில்லாமல், காற்றும் வீசாமல், காற்றில் ஈரமும் குறைவாக இருந்தால் சூடு தடையின்றிப் போய்விடும். இலையின் வெப்பநிலை அதைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் கீழே இறங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் இந்த மூன்று நிலைமைகளும் ஒன்றுகூடுகின்றன. ஆகையால்தான் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி அதிகம். புயல் சின்னங்களால் மேகமூட்டம் நீடிக்கும் ஆண்டுகளில் பனி தள்ளிப்போகிறது. அப்படித் தள்ளிப்போன ஆண்டுகளில் அது பிப்ரவரியிலும் நீடிக்கக்கூடும்.

இதில் ஒரு விந்தை உண்டு. பகலை நன்றாகச் சுட வைக்கும் அதே தெளிந்த வானம்தான் இரவை உறைய வைக்கிறது. உதகையில் ஜனவரி மாதத்துப் பகல் வெப்பநிலை சராசரியாக 20 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும். இரவில் 5, 6 டிகிரி வரை இறங்கும். இது சராசரிதான். தெளிந்த இரவுகளில் சுழியத்தைத் தொடுவதும் உண்டு. மாசி பிறந்ததும் முதலில் ஏறுவது பகல் சூடு. இரவுச் சூடு பின்தங்கித்தான் ஏறுகிறது. எனவே நண்பகலில் முதுகில் உறைக்கும் வெயிலை வைத்துப் பனி முடிந்தது என்று சொல்வது சரியான கணக்கு அல்ல. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சமவெளியில் சொல்லும் பழமொழியை மலையில் இருப்பவர்கள் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்.

குளிரும் தண்ணீரைப் போல ஓடும்

குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் மெல்ல வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா போன்ற தாழ்ந்த வெளிகளில் புல் வெள்ளையாகக் கிடக்கும்போது, சற்று மேலே சரிவில் இருக்கும் வீட்டு முற்றத்தில் ஒரு துளி உறைபனியும் இல்லாதிருப்பதை அனைவரும் பார்த்திருப்பார்கள்.

ஒரே ஊரில் இரண்டு தோட்டங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று ஓடைக்கரையில், பள்ளத்தில் உள்ள 60 சென்ட். மற்றொன்று அதற்கு 100 அடி உயரத்தில் சரிவில் உள்ள 40 சென்ட். ஓடைக்கரைத் தோட்டத்தில் மண் நல்லது, தண்ணீரும் கையருகே. ஆனால் இரவில் குளிர்காற்று வந்து குடியேறும் இடமும் அதுவே. மேல் தோட்டத்தில் பனி முடிந்து இரண்டு மூன்று வாரங்கள் ஆன பிறகும் கீழே பனி விழலாம். இரண்டுக்கும் ஒரே நாளில் விதைக்கிழங்கு ஊன்றுவது வேலைக்கு வசதிதான், பயிருக்கு வசதியல்ல.

வேலி விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தோட்டத்தின் கீழ்ப்பக்க எல்லையில் அடர்ந்த உயிர்வேலியோ, தகர மறைப்போ, சாக்கு மறைப்போ இருந்தால் அது அணை போலக் குளிர்காற்றைத் தோட்டத்துக்குள்ளேயே நிறுத்திவிடும். கீழ்ப்பக்கத்தில் காற்று வடிய இரண்டு இடங்களிலாவது வழி விட வேண்டும். மேல்பக்கத்தில் அடர்ந்த வேலி இருப்பது நல்லது. மேலிருந்து வரும் குளிரை அது பக்கவாட்டில் திருப்பிவிடும். செலவே இல்லாத இந்தத் திருத்தத்தைப் பலர் செய்வதில்லை.

பனி முடிந்ததை எப்படி அறிவது?

வானிலை முன்னறிவிப்பில் வரும் குறைந்தபட்ச வெப்பநிலை, தரைக்கு நாலடி உயரத்தில் நிழற்பெட்டிக்குள் வைத்த கருவியில் பதிவாகும் அளவைக் குறிப்பது. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரையை ஒட்டிய இலை அதைவிட 3 முதல் 4 டிகிரி வரை குளிர்ந்திருக்கலாம். செய்தியில் 4 டிகிரி என்று வந்தால் உருளைக்கிழங்குத் தளிரின் கதை சுழியத்துக்கு அருகில் என்று கொள்ள வேண்டும். முன்னறிவிப்பைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதைத் தன் தோட்டத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழி எளிது. இரவின் மிகக் குறைந்த சூட்டைக் குறித்துக் காட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கித் தோட்டத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில், செடியின் உயரத்தில், ஒரு குச்சியில் கட்டி வைக்கலாம். அதுவும் முடியாதவர்கள் ஒரு அகன்ற தட்டில் கால் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தரையின் சூடு ஏறாதபடி சிறிது வைக்கோல் மேல் வைத்து, விடியும் முன் பார்க்கலாம். ஏடு படிந்திருந்தால் பனி இன்னும் போகவில்லை. தொடர்ந்து இரண்டு வாரம், அதிலும் தெளிந்த இரவுகளில், தட்டில் ஏடு படியாமலும் வெப்பமானி 4 டிகிரிக்குக் கீழே இறங்காமலும் இருந்தால் அந்தத் தோட்டத்தில் ஆபத்து பெரும்பாலும் தீர்ந்தது எனலாம். மேகமூட்டமான இரவுகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மாலையில் பார்க்கும் அடையாளமும் ஒன்று உண்டு. இரவு எட்டு ஒன்பது மணிக்கே இலையில் நீர்ப்பனி நன்றாக இறங்கிவிட்டால் அன்று உறைபனியின் கடுமை ஓரளவு குறைவாக இருக்கும். காற்றின் ஈரம் நீராக மாறும்போது சூட்டை வெளிவிடுவதால் குளிர்வது மெதுவாகிறது. நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்து, காற்று அசையாமல், அந்த நேரத்திலும் இலை உலர்ந்து கிடந்தால் அந்த இரவுக்குத்தான் அஞ்ச வேண்டும். காலையில் வெள்ளைப் படிவமே தெரியாமல் செடி கறுத்துப்போவது இத்தகைய இரவுகளில்தான்.

உருளைக்கிழங்கு: ஊன்றும் நாள் அல்ல, முளைக்கும் நாளே முக்கியம்

நீலகிரியில் நீர்ப்போகத்து உருளைக்கிழங்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஊன்றப்படுகிறது. இங்கே விவசாயி இரண்டு பக்கமும் நெருக்கப்படுகிறார். முந்தினால் பனி, பிந்தினால் மழையும் கருகல் நோயும்.

மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை உறைபனி ஒன்றும் செய்யாது. மண்ணைப் பிளந்து வெளியே வரும் தளிரைத்தான் அது சுடுகிறது. குளிர் மண்ணில் ஊன்றிய கிழங்கு வெளியே தலைகாட்ட ஏறக்குறைய 25 முதல் 30 நாட்கள் ஆகும். ஜனவரி 25-இல் ஊன்றினால் தளிர் வெளிவருவது பிப்ரவரி 20-ஐ ஒட்டி. அதற்குள் சரிவான தோட்டங்களில் பனி விலகியிருக்கும். மேடான சரிவுகளில் ஜனவரி நடுவிலிருந்தே ஊன்றலாம். பள்ளத்துத் தோட்டங்களில் பிப்ரவரி 5 முதல் 10 வரை பொறுத்திருப்பது நலம்.

அதற்கு மேல் காத்திருக்கலாமா என்றால், கூடாது. குஃப்ரி ஜோதி போன்ற இரகங்கள் மலையில் முதிர்வதற்குச் சுமார் 120 நாட்கள் எடுக்கும். பிப்ரவரி 10-இல் ஊன்றியது ஜூன் 10 வாக்கில் தயாராகும். தென்மேற்குப் பருவமழை அப்போது வாசலில் நிற்கும். பிப்ரவரி கடைசியில் ஊன்றியவருக்குக் கடைசி இருபது நாட்கள் முழுவதும் மழையிலேயே போகும். அந்த ஈரத்தில் பின்கருகல் நோய் தாக்கினால் ஒரு வாரத்தில் தழை முழுவதும் அழுகிவிடும். மேலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஓடை வற்றும் இடங்களில் கிழங்கு பருக்கும் தருணத்தில் தண்ணீர் இல்லாமல் போகும். விதைக்கிழங்குக்கும் உரத்துக்கும் கடன் வாங்கிய ஒருவருக்கு இந்தப் பதினைந்து நாள் இடைவெளிதான் அந்த ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கிறது. தவிர்க்க முடியாமல் பிந்தி ஊன்றுபவர்கள் கருகலைத் தாங்கும் குஃப்ரி கிர்தாரி போன்ற இரகத்தின் விதை கிடைக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.

முளை கட்டிய முழுக் கிழங்கையே ஊன்ற வேண்டும். வெட்டிய துண்டுகள் குளிர்ந்த ஈர மண்ணில் எளிதில் அழுகும். அதோடு, முதல் தளிர் பனியில் கருகினால் மீண்டும் முளைவிடும் சக்தி முழுக் கிழங்குக்கே அதிகம். தளிர் இரண்டு அங்குலம் வந்த நிலையில் பனி எச்சரிக்கை வந்தால், லேசாக மண் அணைத்துத் தளிரை மூடிவிடலாம். அது இரண்டு நாளில் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பனி வரும் இரவுக்கு முன்னும் பின்னும்

உலர்ந்து பொலபொலவென்று கிடக்கும் மண் பகல் சூட்டைச் சேர்த்து வைக்காது. ஈரமான, அமர்ந்த மண் சேர்த்து வைத்து இரவில் செடிக்குத் திருப்பித் தரும். ஆகவே பனி எதிர்பார்க்கும் நாளில் முற்பகலிலேயே தண்ணீர் பாய்ச்சிவிட வேண்டும். மாலையில் பாய்ச்சினால் மண் சூடேற நேரமில்லை. இலையும் நனைந்தபடி இரவைச் சந்திக்கும். களை எடுப்பதையும் மண் கொத்துவதையும் அந்த வாரத்தில் தள்ளிப்போட வேண்டும்.

மூடாக்கு பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. செடியின் அடியில் மண்மேல் பரப்பிய காய்ந்த வைக்கோலும் சருகும் பனிக்கால இரவில் செடிக்கு உதவுவதில்லை. வெயில் மண்ணில் இறங்குவதையும், மண்ணின் சூடு மேலே வருவதையும் அவை தடுக்கின்றன. கோடையில் ஈரம் காக்க நல்லதான அதே மூடாக்கு, பனி இரவில் செடியின் மேல்பகுதியை அதிகம் குளிர வைக்கிறது. மூட வேண்டியது செடியின் தலைக்கு மேல். நாற்றங்கால், இளந்தேயிலை ஆகியவற்றுக்குப் பெரணித் தழை, சாக்கு, நிழல்வலை எதுவானாலும் மாலை வெயில் சாயும்போது போட்டு, காலையில் பனி உருகியபின் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள் இலையில் படிந்தால் படிந்த இடம் கருகும்; குச்சி நட்டு உயர்த்திப் போட வேண்டும்.

தெளிப்புப் பாசனம் வைத்திருப்பவர்கள் இரவில் நீர் தெளித்துப் பயிரைக் காக்க முடியும். ஒரு கிராம் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 80 கலோரி சூட்டை வெளிவிடுகிறது. அந்தச் சூடுதான் இலையைக் காக்கிறது. ஆனால் இதற்குக் கணக்கு தெரிய வேண்டும். மணிக்கு இரண்டரை மில்லிமீட்டர் வீதம் தெளித்தால் ஒரு ஏக்கருக்கு மணிக்குச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் தேவை. இலையைத் தொட்டுக் குளிர் சுழியத்துக்கு வருமுன் ஆரம்பித்து, காலையில் பனி தானாக உருகும் வரை நிறுத்தாமல் ஓட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு 60,000 லிட்டர். நடுவில் மின்சாரம் நின்றால், நனைந்த இலை ஈரம் ஆவியாவதால் இன்னும் குளிர்ந்து, தெளிக்காத தோட்டத்தைவிட அதிகமாகக் கருகும். சிறு விவசாயிகள் இதை முழுத் தோட்டத்துக்கும் முயல்வது வீண். நாற்றங்கால், இளம்பயிர் என்று 10 சென்ட் இடத்தைத் தேர்ந்துகொண்டால் மணிக்கு 1,000 லிட்டர் போதும். அதைச் செய்ய முடியும்.

மற்றவர்களுக்குக் காலை வேலை ஒன்று உண்டு. உறைபனி படிந்த இலையில் வெயில் நேராக விழுந்தால் பனி சட்டென்று உருகிக் கருகல் அதிகமாகிறது. வெயில் தோட்டத்துக்குள் இறங்கும் முன்பாகப் பூவாளியாலோ தெளிப்பானாலோ தண்ணீர் தெளித்துப் படிவத்தைக் கழுவிவிட வேண்டும். கிணற்று நீர் அந்த நேரத்தில் வெதுவெதுப்பாக இருப்பதால் ஏற்றது. தெளித்த தண்ணீர் இலையிலேயே உறையும் அளவுக்குக் குளிர் இருந்தால் சிறிது பொறுத்து, வெயில் எட்டிப் பார்க்கும் தருணத்தில் செய்யலாம். கிழக்கு நோக்கிய சரிவுகளில் வெயில் முதலில் விழும். அங்கிருந்து தொடங்க வேண்டும்.

சருகைக் குவித்துப் புகை போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. புகை மேகம் போலத் தடுக்கும் என்று நம்புகிறார்கள். தரையிலிருந்து போகும் சூட்டைப் புகை அநேகமாகத் தடுப்பதில்லை. பனியில் காய்ந்த புல் மூடிக் கிடக்கும் அந்த மாதங்களில் ஒரு பொறி பறந்தால் சோலைக்காடும் பக்கத்துத் தேயிலையும் பற்றிக்கொள்ளும். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது.

கருகிய பிறகு அவசரம் வேண்டாம்

பனியில் கருகிய தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினமான வேலை. ஆனால் முதல் பத்து நாட்களுக்கு அதுவே சரியான வேலை. சேதத்தைப் படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கும் தெரிவிப்பதை மட்டும் உடனே செய்ய வேண்டும். தோட்டத்தைச் சுத்தம் செய்தபின் சேதத்தைக் காட்ட முடியாது.

உருளைக்கிழங்கில் தழை கறுத்துவிட்டது என்று தோட்டத்தைக் கொத்திவிட்டு வேறு பயிர் வைப்பவர்கள் உண்டு. ஐந்தாறு இடங்களில் மண்ணை விலக்கித் தண்டின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். அது வெள்ளையாக, உறுதியாக இருந்தால் பக்க முளைகள் வரும். பயிர் இரண்டு வாரம் பின்தங்கும், போய்விடாது.

தேயிலையில் கருகிய இலைகளும் குச்சிகளும் செடியின் மேலேயே இருக்கட்டும். அடுத்த பனி வந்தால் அந்தக் கருகிய கூரைதான் அடியிலிருக்கும் உயிருள்ள கிளைகளுக்குப் போர்வை. உடனே வெட்டினால் இரண்டு கெடுதல். முதலாவது, எதுவரை செத்தது என்பது அப்போது தெரியாது. நல்ல மரத்தையும் வெட்டிவிட நேரும். இரண்டாவது, வெட்டிய இடத்தில் கிளம்பும் துளிர் மாசிப் பனிக்கு இரையாகும். பனி முடிந்தது உறுதியான பிறகு கத்தி நுனியால் பட்டையைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பச்சை தெரியும் இடம் உயிருள்ளது. பழுப்பு தெரிந்தால் செத்தது. பச்சை தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே, சாய்வாக வெட்டினால் போதும். இலை நுனி மட்டும் கருகிய செடிகளுக்குக் கவாத்தே தேவையில்லை.

தழைச்சத்து உரமும் அப்படியே. யூரியா இட்டால் இளந்துளிர் சீக்கிரம் வரும் என்பது உண்மை. உறைபனிக்கு முதலில் பலியாவதும் இளந்துளிர்தான். மண்ணில் ஈரமும், கிளையில் மொட்டு உப்புவதும் தெரிந்த பிறகு இடுவதே முறை. சாம்பல் சத்து பனிக்கு முன்னரே கொடுத்திருக்க வேண்டியது. ஐப்பசியில் அதை விட்டவர்கள் அடுத்த ஆண்டு மறக்காமல் இருக்கட்டும்.

குளிரைத் திட்டிக்கொண்டே இருப்பதும் நியாயமல்ல. பனிக்காலத்தில் கொழுந்து மெதுவாக வளர்வதால்தான் நீலகிரித் தேயிலைக்கு அந்த மாதங்களில் தனி மணம் கிடைத்து, உறைபனித் தேயிலை என்ற பெயரில் தனிச் சந்தையும் இருக்கிறது.

வெயிலோடு வரும் விருந்தாளிகள்

இரவும் சூடேறிய பிறகு வேறு கவலைகள் தொடங்குகின்றன. குளிரில் அடங்கிக் கிடந்த பூச்சிகள் விழித்துக்கொள்கின்றன. முட்டைக்கோசில் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு 15 டிகிரி சூட்டில் ஒரு தலைமுறை முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். 25 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். அதனால் ஜனவரியில் இலையில் பத்துப் புழு இருந்ததற்குக் கலங்காதவர் மார்ச்சில் இரண்டு புழு இருந்தாலும் கவனிக்க வேண்டும். 25 வரிசை முட்டைக்கோசுக்கு 2 வரிசை கடுகு என்ற கணக்கில், ஒரு வரிசையை நடவுக்கு 15 நாள் முன்பும் மற்றதை நட்ட 25 நாள் பின்பும் விதைத்தால் அந்துப்பூச்சி பெரும்பாலும் கடுகில் முட்டையிடும். கடுகில் மட்டும் மருந்து தெளித்து அழிக்கலாம். கோசுக்கு 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் போதுமானதாக இருக்கும்.

தேயிலையில் செஞ்சிலந்தி வரும். இலையின் மேற்பரப்பு செம்பழுப்பாக மாறுவது அடையாளம். சாலையோரம் தூசி படியும் செடிகளிலும், நிழல் மரமில்லாத இடங்களிலும் முதலில் தோன்றும். அங்கே வாரம் ஒருமுறை பார்த்து, தோன்றிய செடிகளை மட்டும் கவனித்தால் தோட்டம் முழுவதும் தெளிக்க வேண்டியிராது. தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பில் உள்ள மருந்துகளைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. எச்சம் இருக்கும் கொழுந்தைத் தொழிற்சாலை திருப்பி அனுப்பினால் பறித்த கூலியும் போகும். சில்வர் ஓக் மரங்களைப் பனிக்காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கழிக்காமல் விடுவது இரண்டுக்கும் பரிகாரம்: இரவில் பனியைக் குறைக்கும், பகலில் சிலந்தியைக் குறைக்கும்.

கேரட்டில் வெயில் செய்யும் சேதம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பல வாரம் கடுங்குளிர் பட்ட செடி, சூடு திரும்பி நாளும் நீண்டதும் பூத்தண்டு விடத் தொடங்கும். தண்டு எழுந்த கேரட்டின் நடுப்பகுதி மரம் போலாகிவிடும். அதற்கு விலை இல்லை. அங்கொன்று இங்கொன்றாகத் தண்டு தெரிந்த உடனேயே, விற்பனைக்கு ஏற்ற பருமன் வந்த கிழங்குகளை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் பருக்கட்டும், விலை ஏறட்டும் என்று காத்திருப்பது இந்த நேரத்தில் நஷ்டத்துக்கே வழி. தண்ணீரும் சீராக இருக்க வேண்டும். குளிரில் பத்து நாளுக்கு ஒருமுறை பாய்ச்சிய பழக்கத்தையே மார்ச்சிலும் தொடர்ந்து, மண் வெடித்த பிறகு ஒரே நாளில் நிறையப் பாய்ச்சினால் கேரட் நீளவாக்கில் பிளக்கும். முட்டைக்கோசுத் தலையும் வெடிக்கும். குறைந்த நீரை அடிக்கடி விட வேண்டும்.

கோடை மழையின் முதல் மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டால் இரவுக் குளிர் நிச்சயமாக விலகியது. அன்று முதல் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் பார்வை மாற வேண்டும். ஈரமும் மிதமான சூடும் சேர்ந்து, காலை பத்து மணி வரை இலை நனைந்தே இருக்கும் நாட்கள் தொடர்ந்து மூன்று வந்தால் பின்கருகலுக்கு அது அழைப்பு. கீழ் இலைகளின் ஓரத்தில் நீர்கோத்த புள்ளிகளையும், அவற்றின் அடியில் வெண்பூசணம் போன்ற ஓரத்தையும் தேட வேண்டும். கண்டதும் அந்த இலைகளைப் பறித்துப் புதைத்துவிட்டு, தோட்டக்கலை உதவி அலுவலரிடம் கேட்டு ஏற்ற பூசணக் கொல்லியை இலையின் இருபுறமும் படும்படி தெளிக்கலாம். நோய் பரவிய பிறகு தெளிப்பதைவிட முன்கூட்டித் தெளிப்பதற்குச் செலவு குறைவு.

ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் கடைசி உறைபனி விழுந்த தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து, அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் ஒரு நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும். நான்கைந்து ஆண்டுத் தேதிகள் சேர்ந்துவிட்டால், அவற்றுள் மிகப் பிந்திய தேதியிலிருந்து 25 நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். அந்தத் துண்டில் உருளைக்கிழங்கு ஊன்ற வேண்டிய நாள் அதுவே.